பாரடாக்ஸுக்கு ஓர் உதாரணம்

நாற்பத்தைந்து வயதில் மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அமிர்தலிங்கத்தின் தலையெழுத்து. பிரெஞ்சு ஆட்சி முடிந்து இந்தியாவோடு சேர்ந்துவிட்ட காரைக்காலில், இங்கிலீஷ் பரீட்சையில் தேறாவிட்டால் சர்க்கார் ஆபீசில் இருபது வருஷத்துக் குமாஸ்தா வேலை போய்விடும்.

"பாரடாக்ஸ்னா தனக்குத்தானே முரண்படுறது. ஒரு உதாரணம் சொல்லுங்க, அமிர்தலிங்கம்," என்றார் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த வாத்தியார்.

"வுய், முசியே!"

'சரிங்க ஐயா' என்பதற்குப் பழக்கதோஷத்தில் பிரெஞ்சு முந்திக்கொண்டது. வாத்தியார் சிரித்துவிட்டார்.

அமிர்தலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

"வெள்ளைக்காரனே வெளியேறுன்னு கொடி புடிச்சு ஊர்வலம் போனேங்க. அப்ப விழுந்த தடியடி இது."

"அதுல பாரடாக்ஸ் எங்கங்க இருக்கு?"

"பிரெஞ்சுக்காரன் கப்பலேறிட்டான். வெள்ளைக்காரனை வெரட்டுன குத்தத்துக்குத்தாங்க இப்ப இங்கிலீஷ் படிச்சுக்கிட்டிருக்கேன்!"