ஜன்னல் வைத்த கடை

தி. நகரில் மே மாதத்துப் பகல். கரண்ட் போய்விட்டது. சாய்நாத்தின் புடவைக் கடை வாசலில் ஜெனரேட்டர் உறுமுகிறது. அதன் கரும்புகையில் நடைபாதையில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். விளக்குகள் எரிகின்றன. ஏ.சி.யை இழுக்க ஜெனரேட்டருக்குத் தெம்பில்லை. சுற்றிலும் கண்ணாடி போட்டு எழுப்பிய புதுக் கட்டடம் அடுப்பாகக் கொதிக்கிறது. புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து எதிர்க் கடைக்குப் போகிறார்கள். அது தம்பி அனிருத்தின் கடை. அங்கே ஏ.சி.யும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. உயர்ந்த கூரையும் எதிரெதிரே பெரிய ஜன்னல்களும்தான். "கடையாடா இது, பள்ளிக்கூடம் மாதிரின்னா இருக்கு!" என்று திறப்பு விழாவில் சிரித்தவர் சாய்நாத். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டு தகதகக்கிறது. அதைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி. அனிருத் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். சாய்நாத் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அனிருத் அவரைப் பார்த்துவிட்டுக் கையசைக்கிறான். "அண்ணா, இங்க வந்து செத்த உக்காரேன். காத்து பிச்சுண்டு வரது!" சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, சாய்நாத் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்துகிறார்: "வேண்டாண்டா, எனக்கு இங்கேயே ஜில்லுன்னுதான் இருக்கு!" ஸ்ரீலக்ஷ்மி ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாள். புடவையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.