மூன்றாவது தட்டு

கிரேக்க நாட்டுப் பரோஸ் தீவின் அந்தப் பெரிய கடற்கரை கிளப்பில், பரிமாறும் வேலையில் ஃபொதினிக்கு அன்றுதான் முதல் நாள். முதல் மேசையிலேயே வம்பு வந்து உட்கார்ந்திருந்தது.

நீல கவுன் போட்ட ஐம்பது வயதுப் பெண்மணி, சுட்ட ஆக்டோபஸை ஒரு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "ரப்பர் மாதிரி இருக்கு. வேற கொண்டாம்மா."

அடுப்படியில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "திருப்பி அனுப்பிட்டாளா?" என்றவர், மறுபேச்சில்லாமல் இன்னொன்றைச் சுட்டுக் கொடுத்தார்.

"இது கரிஞ்சுபோச்சு. எலுமிச்சையும் பத்தலை."

அந்த இரண்டாவது தட்டையும் ஃபொதினி அடுப்படிக்கே திருப்பி எடுத்துப் போனாள். முதல் நாளே வேலை போய்விடுமோ?

மூன்றாவது தட்டை அந்த ஆளே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சண்டை நிச்சயம் என்று ஃபொதினி பின்னாலேயே ஓடினாள்.

"பதினோரு வருஷமா நான் திருப்பி அனுப்பினதுக்கெல்லாம் பழி வாங்குறியா, கலியோப்பி?"

"பின்னே, சும்மா விடுவேனா முதலாளி?"

பரிமாறுகிறவர்கள் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி ஃபொதினியின் காதில் சொன்னாள்: "அவங்கதான் நம்ம சமையல்காரம்மா. இன்னிக்கு அவங்க பெயர்நாள், அவங்க பேருக்குரிய புனிதரோட திருநாள். 'நீ உக்காரு, நான் சமைக்கிறேன்'னு முதலாளி வாயை விட்டு மாட்டிக்கிட்டார்!"

கலியோப்பி ஒரு துண்டை மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. பதினோரு வருஷத்தில் இந்தக் கடலை அவள் உட்கார்ந்து பார்ப்பது இன்றுதான் முதல் தடவை.

"பஞ்சு மாதிரி இருக்கு முதலாளி," என்று மனதாரப் பொய் சொன்னாள். "அப்படியே ஒரு மீனும் சுட்டுக் கொண்டாங்க!"