தரையில் படுத்த கோடு

"யமுனா, இங்க வந்து பாரு. கார்பன் மோனாக்சைடு ஜீரோ."

சித்தார்த்தன் கத்தினான். யமுனா கையிலிருந்த பீக்கரைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு தரையோடு படுத்திருந்தது.

திருச்சியின் ஒரு கல்லூரியில் இருவரும் வேதியியல் ஆராய்ச்சி மாணவர்கள். வண்டிப் புகையில் இருக்கும் அந்த விஷ வாயுவைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவதற்காக, காப்பர் ஆக்சைடில் ஒரு நானோத் தூள் செய்திருந்தான் சித்தார்த்தன். உள்ளே போகும் விஷம் துளிகூட வெளியே வரக் கூடாது. ஆனால் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்று மாதக்கணக்கில் அடம்பிடித்தது தூள்.

யமுனாவுக்கு அதில் தனிக் கவலை ஒன்று இருந்தது.

"நூறு சதவீதம் வரட்டும், அன்னைக்கே உங்கப்பாகிட்ட பேசறேன். அதுவரைக்கும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கறது?" என்று சொல்லிவிட்டான் அவன். அவளுடைய அப்பாவோ, வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க மதுரையிலிருந்து ஒரு குடும்பத்தை வரச் சொல்லிவிட்டார்.

"நூறு வந்துடுச்சுல்ல? சொன்ன சொல்லு என்னாச்சு?" என்றாள்.

"இப்பவேவா? இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டு..."

"சித்து."

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். மவுஸை உருட்டி, அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த இன்னொரு கோட்டையும் பார்த்தான். மவுஸை இரண்டு முறை தட்டினான். பிறகு செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வணக்கம். நான் சித்தார்த்தன், யமுனாகூட ரிசர்ச் பண்றவன். வந்து... எனக்கு யமுனாவைக் கல்யாணம் பண்ணிக் குடுப்பீங்களா?"

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெகதா, அதைக் கொஞ்சம் நிறுத்து" என்று மனைவியிடம் சொன்னார் யமுனாவின் அப்பா சண்முகசுந்தரம். "தம்பி, எம்பொண்ணு சாப்பிட உக்காந்தா உங்க பேச்சுதான். நீங்களா வருவீங்கன்னு பாத்தேன், காணோம். அதான் மதுரைக்காரங்களை வரச் சொன்னேன். அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை லால்குடியிலேருந்து உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. கேசரிக்கு ரவை வாங்கியாச்சு, வீணாகக் கூடாதுல்ல."

போனை வைத்ததும் யமுனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? காலையில உனக்கு முன்னாடியே வந்து அந்த விஷ வாயு சிலிண்டரை மூடினது நான்தான். உள்ள போனாத்தானே வெளியே வரும்? இந்த ரிசல்ட்டை அழிச்சிடு, சித்து."

"அப்பவே அழிச்சாச்சு."

யமுனா நிமிர்ந்தாள்.

"விஷம் மாறியிருந்தா கார்பன் டை ஆக்சைடு வந்திருக்கணும்ல? கீழே இருந்த அந்தக் கோடும் ஜீரோ" என்றான் சித்தார்த்தன். "அதைப் பாத்துட்டுத்தான் உங்கப்பாவுக்குப் போனே பண்ணினேன்."