பாதி இறக்கிய முடி

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் காவடிகளோடு திருத்தணி மலையேறிக்கொண்டிருக்கிறது. மொட்டைக் கொட்டகையில் குனிந்திருக்கும் அம்சாவின் தலையில் பாதி முடி இறங்கிவிட்டது. செர்பியாவில் இருக்கும் கணவன் டில்லிபாபு அடைக்கலம் கேட்டு எல்லை வேலியைத் தாண்டி ஹங்கேரிக்குள் போய்விட்டால் முடி தருவதாக வேண்டுதல். கிருத்திகைக்குள் போய்விடுவேன் என்று அவன் சொன்னதை நம்பி முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் செல்போன் அதிர்கிறது; ஸ்பீக்கரில் போடுகிறாள். “போவ முடியல அம்சா. இந்த ஆறு மாசத்துக்கு ஐரோப்பிய யூனியனுக்கே ஹங்கேரிதான் தலைமை. செர்பியாவ யூனியன்ல சேத்துக்கலாம்ன்றான், அடைக்கலம்னு வந்தவன மட்டும் வேலிக்கு இந்தாண்டயே நிக்கச் சொல்றான்.” கத்தி நிற்கிறது. வெளியே பம்பை விடாமல் அடிக்கிறது. ஈர முடி கழுத்தில் ஒட்டி அரிக்கிறது. “நிறுத்திடட்டுமாம்மா?” என்கிறார் முடி இறக்குபவர். “மீதியையும் எடுங்க. நான் குடுத்துட்டேன். இனிமே அந்த வேலி முருகன் பாடு.”