தயவுசெய்து, மிஸ்டர் சாகியுசா

"அடேய் மரவள்ளி மண்டையா! கண்ணு முகத்துல இருக்கா, பொடனியில இருக்கா? பச்சைக் காயெல்லாம் பழத்தோட சேர்ந்து போகுது பாரு!"

சூப்பர்வைசர் விலிகேசாவின் குரல், பெல்ட் ஓடும் சத்தத்தையும் தாண்டித் தக்காளிக் கொட்டகை முழுக்கக் கேட்டது.

சாகியுசா தலையைக் குனிந்துகொண்டான். பச்சைக் காய்களைப் பொறுக்கி ஒதுக்கியபடியே தன் பாஷையில் என்னவோ முணுமுணுத்தான். பாவம், மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது.

எதிரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த லெய்மாராவுக்கு வயிறு எரிந்தது.

திட்டுகிறவன், திட்டு வாங்குகிறவன் இருவருமே பிஜிக்காரர்கள். கடல் தாண்டிக் குவீன்ஸ்லாந்துக்குப் பிழைக்க வந்த இடத்தில், சொந்த நாட்டுக்காரனையே இப்படி நாய் மாதிரி நடத்துவார்களா?

லெய்மாரா வனுவாட்டுக்காரி. அவள் ஊர் ஆட்கள் இங்கே நிறைய. சாயங்காலமானால் சேர்ந்து சமைப்பார்கள், பாடுவார்கள். சாகியுசாவுக்கு அப்படி யாருமில்லை. டீ நேரத்தில் போனை எடுத்து, இன்னும் தூக்கிக்கூடப் பார்க்காத தன் பிள்ளை தவழ்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். அந்த ஆள்தான் கிடைத்தானா இந்தச் சூப்பர்வைசருக்கு?

"ஏண்ணே, இந்தப் பேச்சுப் பேசுறான். உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விடும்மா." சாகியுசா சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். போன பண்ணையில் ஒருத்தன் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியபோது அவளும் இப்படித்தான் சிரித்து மழுப்பினாள். எதிர்த்துப் பேசினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்களே! தனக்காக யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்களா என்று அன்று அவள் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தரும் திறக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் விஷயம் எல்லை மீறிவிட்டது.

சாகியுசா ஆசையாசையாகத் தேங்காய்ப்பால் ஊற்றி மீன் சமைத்து எடுத்து வந்திருந்தான். டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், விலிகேசா வந்து பிடுங்கிக்கொண்டான். நின்றபடியே வழித்துத் தின்றான்.

"த்தூ! சுத்தியும் கடல் இருந்தும் உங்க ஊர்க்காரனுக்கு உப்புன்னா என்னன்னு தெரியல பாரு!"

சாகியுசா காலி டப்பாவைக் கழுவப் போனான்.

லெய்மாரா கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேனேஜர் டெனிஸின் அறைக்கு நடந்தாள். நம் வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறோமோ என்று வழியில் தோன்றாமலில்லை. ஆனாலும் போனாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

டெனிஸ் நல்ல மனுஷி. அன்று சாயங்காலமே இருவரையும் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தாள். 'இன்னொரு வார்த்தை காதில் விழுந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்கு' என்று விலிகேசாவுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டாளாம். செய்தி கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் காலை விலிகேசாவின் குரல் தணிந்து வந்தது.

"மிஸ்டர் சாகியுசா, தயவுசெய்து அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?"

"சரிங்க சார்."

"ரொம்ப நன்றி."

கொட்டகையே வாயைப் பிளந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து லெய்மாராவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வாரம் முடிவதற்குள் சாகியுசா ஆளே வாடிப்போனான். முணுமுணுப்பதும் நின்றுவிட்டது. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட வைக்காமல், விலிகேசா உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் விலிகேசா தன் சாண்ட்விச்சைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

லெய்மாரா சாகியுசாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் பயமாண்ணே? நான்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன். இனிமே அவன் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டான்."

"நீயா?" அவன் முகத்தில் கோபம் வரவில்லை. "நல்ல மனசும்மா உனக்கு."

விலிகேசா இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

"அவன் ஊருக்கும் என் ஊருக்கும் குலசாமி ஒண்ணு. எங்க பக்கம் அந்த உறவுக்கு தௌவூன்னு பேரு. அப்படிப்பட்ட ரெண்டு ஊர்க்காரங்க எங்க பார்த்துக்கிட்டாலும், நாலு பேர் முன்னாடி கண்டபடி திட்டிக்கணும். கையில இருக்கறதைப் பிடுங்கித் திங்கணும். யாரும் கோபப்படக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்து முறை."

லெய்மாரா அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நீங்க குனிஞ்சுக்கிட்டு முணுமுணுத்தது?"

"அவன் திட்டினதைவிட மோசமா நான் திட்டினது. வேலை நேரத்துல சூப்பர்வைசருக்குக் கொஞ்சம் மதிப்பு வேணாமா? அதான் மெதுவா." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஐயோ, இதை மேனேஜர்கிட்டயே சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னோம். 'அதெல்லாம் உங்க நாட்டுல வெச்சுக்குங்க, இங்க சட்டம் சட்டம்தான்'னுட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவன் திட்ட ஆரம்பிச்சா, கொஞ்ச நேரம் நான் ஊர்ல இருப்பேன். இதை எப்படி அவங்களுக்குச் சொல்றது?"

சாப்பிடாத டப்பாவை மெதுவாக மூடினான்.

"இந்த நாட்டுக்கு வந்ததிலேருந்து எல்லாரும் எங்கிட்ட மரியாதையாத்தான் பேசுறாங்கம்மா. உரிமையாத் திட்டறதுக்குத்தான் ஒரே ஒருத்தன் இருந்தான்."