ஊதினால் ஒரு கிளிக்

"ஊதுங்க. இன்னும் கொஞ்சம் பலமா ஊதுங்க."

அவர் ஊதினார். கன்னம் உப்பியது, நெற்றி நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"சொன்னா ஒரு தடவையாவது ஒழுங்கா..." என்று அதட்ட வந்தவள், கணவரின் கண்ணோரம் நீர் கோத்திருப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் ஓட்டுகிறவள், படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டி அதட்டிப் பழகிய வாய்.

அவர் உதட்டில் குச்சிபோல் இருந்தது மௌஸ். அந்தக் குச்சியை உதட்டால் தள்ளினால் திரையில் அம்பு நகரும்; ஊதினால் கிளிக். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத மனிதருக்கு, தொண்டையில் குழாய் வைத்ததிலிருந்து குரலும் கிடையாது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஊதுவார், கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவளிடம் சண்டைகூடப் போடுவார்.

இன்று காலை கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. அம்பு திரையின் மேல் மூலைக்கு ஓடிப்போய் உட்கார்ந்தது. அப்புறம் இறங்கவே இல்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர்காரர்களின் உதவி மையத்துக்கு போன் போட்டாள். பாட்டெல்லாம் பாடி ஓய்ந்தபிறகு ஓர் ஆண்குரல் வந்தது. மௌஸின் பெயரைக் கேட்டது. அவள் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது.

"டிரைவர் பிரச்சினை மேடம்."

"நான்தாங்க டிரைவர். எனக்கென்ன பிரச்சினை?"

"இது வேற டிரைவர் மேடம். மௌஸ் சொல்றதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற புரோகிராம். உங்க மௌஸ் கொஞ்சம் கிறுக்கு, மத்த மௌஸ் மாதிரி பேசாது. பழைய டிரைவருக்கு அந்தக் கிறுக்கு அத்துப்படி. புதுசு இதைச் சாதா மௌஸ்னு நினைச்சுக்குது."

"அப்ப பழையதையே போட்டு விடுங்களேன்."

"பாக்கறேன். உங்க திரையை நான் இங்கேர்ந்து எடுத்துக்கறேன், சரியான்னு கேட்டா கீபோர்டுல என்டரை அமுக்குங்க." பிறகு குரல் பக்கத்தில் யாரிடமோ திரும்பியது. "கொஞ்சம் கீழ போ... இன்னும் கீழ. அதான், அதை அமுக்கு."

திரையில் பெட்டிகள் திறந்தன, மூடின. புதிதாகச் சேர்ந்த யாருக்கோ வேலை பழக்குகிறார் போலிருக்கிறது, அதற்கு என் வீட்டு அவசரம்தானா கிடைத்தது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழையதை ஏத்த விடமாட்டேங்குது மேடம்."

"மௌஸ் செஞ்ச கம்பெனியைக் கேட்டா?"

"அவங்க கடையைக் கட்டி ரொம்ப நாளாச்சு."

"அப்டேட்டுக்கு முன்னாடி இருந்த மாதிரியே திருப்பி வச்சிட்டா?"

"அதுவும் வராது மேடம். பாத்தாச்சு. மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கு. சரியாகறது எப்பன்னு சொல்ல முடியல."

"எப்பன்னு சொல்ல முடியலையா? அது வரைக்கும் இந்த மனுஷன் பேசாம கிடக்கணுமா?" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கென்ன, சாயங்காலம் ஆனா நடையைக் கட்டிடுவீங்க. இங்க காலையிலேர்ந்து இவர் என்கிட்ட என்னவோ சொல்லணும்னு தவிக்கிறாரு. எனக்கு ஒரு மண்ணும் புரியல."

இதைக் கேட்டு போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"கண் சிமிட்டுவாரா மேடம்?"

"அதெல்லாம் பாக்காமலா? ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. தண்ணியா, ஃபேனா, வெளிச்சமா, எல்லாத்துக்கும் ரெண்டு. சரின்னு 'அ'லேர்ந்து ஒவ்வொரு எழுத்தா சொல்லிட்டு வந்தேன். 'கா'ன்னதும் ஒரு சிமிட்டு. காப்பியான்னு கேட்டேன். அழுதுட்டாரு."

"அப்புறம்?"

"காத்தா, காலா, காய்ச்சலான்னு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். மறுபடி 'அ'லேர்ந்து ஆரம்பிக்கறதுக்குள்ள கண்ணை இறுக்கி மூடிட்டாரு. நம்ம பாஷையில எத்தனை எழுத்து இருக்குன்னு இன்னிக்குத்தாங்க எனக்கு உறைச்சுது."

"மேடம், அவரு எந்தப் பக்கம் சாஞ்சு படுத்திருக்காரு?"

"இடது பக்கம். காலையில நான்தான் புரட்டிப் போட்டேன்."

"தலையை மெல்லத் தூக்குங்க. அடியில காது மடங்கியிருக்கா பாருங்க."

அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவர் தலையைத் தூக்கினாள். இடது காது இலையைப்போல் இரண்டாக மடிந்து கன்றிச் சிவந்திருந்தது. தலையணையின் தையல் அதில் அப்படியே பதிந்து கிடந்தது.

விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டாள். அவர் உடம்பில் வலி தெரிகிற கொஞ்ச இடத்தில் அதுவும் ஒன்று. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்து தலையணையைக்கூடத் தட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அவர் அவளையே பார்த்தார். ஒரு முறை சிமிட்டினார். பிறகு நிறுத்தாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரையில் அம்பு இன்னும் மூலையிலேயே உட்கார்ந்திருந்தது.

"காதுதாங்க. காதேதான்." ஒரு கையால் அந்தக் காதை நீவிவிட்டாள். "கூடவே இருக்கிற எனக்குத் தோணல. எங்கேயோ உக்காந்திருக்கிற உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எனக்கும் இதே மௌஸ்தான் மேடம்."