ஓட்டிக் காட்டுங்க

வேலை கேட்டு உள்ளே போன ஆள் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. மெஷின் ஓடிய சத்தமே கேட்கவில்லை.

'இவனும் வாயைத் திறந்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டான், பெஞ்சில் மிச்சமிருந்த கடைசி ஆள். பழைய பட்டறையில் அவனுக்கு 'வாத்தியார்' என்று பட்டப்பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் அல்ல, எரிச்சலில் வைத்தது.

அங்கே இரும்பு தேய்க்கிற கை மெஷினில், சுழன்று தேய்க்கும் வீலைச் சுற்றி இருக்கவேண்டிய மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் எல்லாரும் ஓட்டுவார்கள். மூடி இல்லாவிட்டால் இண்டு இடுக்கெல்லாம் எட்டும், வேலை சட்டென்று முடியும். வீல் உடைந்து பறந்தால் நேரே மூஞ்சிக்குத்தான் வரும் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். இவன் பேசினான். மூடியை மாட்டு, கண்ணாடியைப் போடு, வீலை மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கு என்று விடிந்தால் அடைந்தால் நச்சரித்தான்.

"நீ வேலைக்கு வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" என்று கேட்டு, ஒருநாள் ஃபோர்மேன் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஏழு மாதம் ஓடிவிட்டது. அவன் ஏறி இறங்காத பட்டறை இல்லை. எங்கே போனாலும் பழைய ஃபோர்மேனுக்கு ஒரு போன் போடுவார்கள், அதோடு கதை முடிந்துவிடும். பாவி மனுஷன் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறாரே என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் மனைவி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

"உங்க கண்ணு ரெண்டும் பத்திரமா இருக்கு, ரொம்ப சந்தோஷம். அதை வச்சு நானும் பொண்ணும் பட்டினி கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருங்க. இந்த வேலையும் இல்லைன்னா, நாளைக்குக் காலையில பிள்ளையைக் கூட்டிக்கிட்டு என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவன் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு, கையை மட்டும் காட்டுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

இந்தக் கம்பெனியிலும் ஃபோர்மேன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் வரச் சொல்லிவிட்டார்கள். அவர் போனை எடுத்திருக்கமாட்டார், என் நல்ல நேரம் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

"அடுத்த ஆள் வாங்க."

உள்ளே பட்டறைக்குப் பொறுப்பான மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேசையோரத்து இறுக்கியான வைஸ் ஒரு இரும்புத் தகட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே கரடுமுரடாக ஒரு வெல்டிங் கோடு.

"இதைத் தேய்ச்சுச் சமமாக்கணும். வேண்டியதெல்லாம் மேசையில இருக்கு. ஓட்டிக் காட்டுங்க."

அவன் மெஷினைப் பார்த்தான். மூடி இல்லை. வீலின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் வீல் உடைந்து பறக்கும் என்று அவனுக்குத் தெரியும். கழற்றிய மூடி, ஸ்பேனர், புது வீல், கண்ணாடி எல்லாம் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. பழக்க தோஷம், கை தன்னால் ஸ்பேனர் பக்கம் போனது.

மேடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'போச்சு. கண்டுபிடித்துவிட்டார். முன்னால் போனவன் மூடியைத் தேடித்தான் வேலையைத் தொலைத்திருப்பான்.' அவன் கையைச் சடாரென்று இழுத்துக்கொண்டான். கட்டி வைத்த பெட்டி கண்முன் வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், வீல் தெறித்துச் செத்தாலும் வேலைக்காரனாகவே சாகிறேன் என்று மெஷினைத் தூக்கினான். காலை அகட்டி நின்றான். முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினான்.

ஓடவில்லை.

மறுபடி அழுத்தினான். பிளக்கைப் பிடுங்கிச் செருகி இன்னொரு தடவை அழுத்தினான்.

"ஓடலை, மேடம்..."

"ஓடாது. அந்த பிளக்குக்கு நாங்க கரண்டே குடுக்கலை. மெஷினைக் கீழ வச்சிடுங்க. நீங்க போகலாம்."

சாக்குச் சொல்லித் துரத்துகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோர்மேன் போனை எடுத்திருக்கிறார்!

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க! வேற மெஷின் குடுங்க. எவ்வளவு மோசமானதா இருந்தாலும் ஓட்டுறேன். மூடி வேணும், கண்ணாடி வேணும்னு தொல்லை குடுக்கிற ஆள் நான் இல்ல. அந்த ஃபோர்மேன் என்னைப் பத்தி என்ன சொல்லியிருந்தாலும் நம்பாதீங்க. எல்லாம் சுத்தப் பொய்! என் பிள்ளை மேல சத்தியமா பொய்!"

மேடம் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போன மாசம் இங்க ஒருத்தருக்குக் கண்ணு போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் மெஷினையெல்லாம் மூடி போட்டுப் பத்திரமா ஓட்டுறாங்களான்னு கண்காணிக்க ஒரு ஆளைத் தேட ஆரம்பிச்சோம். உங்க ஃபோர்மேன் திட்டிக்கிட்டேதான் சொன்னாரு..."

"என்ன... என்ன சொன்னாரு, மேடம்?"

"மூடி இல்லாத மெஷினை நீங்க செத்தாலும் தொடமாட்டீங்கன்னு."